குளத்துக்குப் போகிறவர்களுக்கு



திருகோணமலைக்கு வருகிறவர்கள் கடலைப் பார்க்க வருகிறார்கள். உப்புவெளி, நிலாவெளி, புறாமலை, கோணேசர் மலை என்று சுற்றிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். வரும் வழியில் கந்தளாயில் தேநீருக்கு இறங்குகிறவர்களில் சிலர் குளக்கட்டில் ஏறி ஒரு படம் எடுத்துக்கொள்வார்கள். கன்னியாவில் அரை மணித்தியாலம் நின்று தலையில் வெந்நீர் ஊற்றிக்கொள்வார்கள். எங்கள் நன்னீருக்கு இவ்வளவுதான் கவனிப்பு. கடற்கரையில் கூட்டம் பெருகப் பெருக, உள்நாட்டுக் குளங்களுக்கும் ஆட்களை அனுப்பலாமே என்ற பேச்சு இப்போது எழுந்திருக்கிறது. நான் அதை ஆதரிக்கிறேன். எங்கள் பிள்ளைகள் விடுமுறை நாளில் குளத்தங்கரையில் நடக்க வேண்டும், பறவை பார்க்க வேண்டும், நீந்தப் பழக வேண்டும். ஆனால் அந்தத் தண்ணீர் எப்படி அங்கே வந்தது, யார் அதைத் தாங்கி நிற்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு போக வேண்டும். இன்று நான் பேச வந்தது அதைப் பற்றித்தான்.

புவியியல் படிப்பிக்கிறவர்களிடம் இந்த மாவட்டத்துப் பிள்ளைகள் தவறாமல் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. கன்னியாவில் வெந்நீர் வருகிறதே, அடியில் எரிமலை இருக்கிறதா? இல்லை. இலங்கையில் உயிருள்ள எரிமலை ஒன்றுமில்லை. இந்தத் தீவின் பத்தில் ஒன்பது பங்கு, கேம்பிரியன் காலத்துக்கு முற்பட்ட மிகப் பழைய உருமாறிய பாறை. கோணேசர் கோயில் நிற்கும் மலையே படிகக்கல் பாறைதான். வெந்நீருக்குக் காரணம் வேறு. மழைநீர் பாறை வெடிப்புகளின் வழியே ஆழத்துக்கு இறங்குகிறது. நிலத்துக்குள் ஒவ்வொரு கிலோமீற்றர் இறங்கும்போதும் ஏறத்தாழ 25 பாகை செல்சியஸ் வெப்பம் கூடுகிறது. அப்படிச் சூடேறிய நீர் இன்னொரு வெடிப்பைப் பிடித்துக்கொண்டு விரைவாக மேலே வந்துவிட்டால், ஆறுவதற்கு முன்பே எங்கள் வாளிக்கு வந்து சேர்கிறது. கன்னியாவின் ஏழு கிணறுகளிலும் சூடு ஒன்றுக்கொன்று சிறிது மாறுபடுவதற்கும் இதுவே காரணம்: மேலே வரும் வழியில் குளிர்ந்த நிலத்தடி நீர் வெவ்வேறு அளவில் கலக்கிறது. கன்னியாவைப் போல மகா ஓயாவிலும், தெற்கே மகாபெலஸ்ஸவிலும், எங்கள் மாவட்டத்திலேயே குமரன்கடவைப் பக்கத்தில் ரங்கிரியாவிலும் வெந்நீர் ஊற்றுகள் இருக்கின்றன. தீவின் வெந்நீர் ஊற்றுகளில் பெரும்பாலானவை, இரண்டு பெரும் பாறைத் தொகுதிகள் பொருந்துகிற எல்லையை ஒட்டியே வருகின்றன.

இதைத் தெரிந்துகொண்டால் என்ன பயன் என்று கேட்கலாம். கன்னியாவில் ஊறுவது நேற்றுப் பெய்த மழையல்ல, நீண்ட காலத்துக்கு முன் பெய்து மெதுவாக இறங்கி ஏறி வந்த மழை அது. சுற்றியுள்ள காடும் நிலமும் மழையை உள்ளே விட்டால்தான் ஊற்று இருக்கும். அது குளியல் இடம் மட்டுமல்ல என்பதும் உங்களுக்குத் தெரியும். இராவணன் தன் தாய்க்குக் கிரியை செய்ய உண்டாக்கிய ஊற்றுகள் என்று எங்கள் மரபு சொல்கிறது. பிதிர்க்கடன் கழிக்க இன்றும் அங்கே மக்கள் வருகிறார்கள். 2019 ஜூலையில், பழைய பிள்ளையார் கோயில் இருந்த இடத்தைக் காக்கக் கேட்டு மக்கள் அங்கே திரண்டார்கள். உல்லாசமாகக் குளிக்கப் போகிறவர், பக்கத்தில் ஒருவர் தன் தாயை நினைத்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கலாம் என்பதை மறக்கக்கூடாது. சவர்க்காரத்தையும் சம்பூ பக்கெற்றையும் அங்கே கொண்டு போகாதீர்கள்.

எரிமலை உண்டாக்கிய ஏரிகளும் உலகில் இருக்கின்றன, அவற்றுக்கு ஆட்கள் போய் விளையாடியும் வருகிறார்கள். ஜேர்மனியில் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். அங்கே மேற்கில் ஐஃபெல் என்ற மலைநாடு இருக்கிறது. கமமும் காடும் சிற்றூர்களுமான பகுதி. நிலத்தடி நீர் எரிகுழம்பைத் தொட்டு வெடித்ததால் உண்டான வட்டக் குழிகளில் நீர் தேங்கி ஏரிகளாக நிற்கின்றன. டவுன் என்ற சிறு பட்டினத்தருகே மூன்று ஏரிகள் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. இரண்டில் குளிக்க இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். மூன்றாவதில் இறங்கக்கூடாது, அது இயற்கைக் காப்பிடம். சுற்றி நடக்கப் பாதை இருக்கிறது, பட்டினத்தில் எரிமலை அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே பெரிய ஏரியான லாகர் ஏரி ஏறத்தாழ 13,000 ஆண்டுகளுக்கு முன் நடந்த வெடிப்பில் உண்டானது. இன்றும் அதன் கரையோர நீரில் கரியமிலவாயுக் குமிழிகள் எழுவதைக் காணலாம். அந்த ஏற்பாட்டில் எனக்குப் பிடித்தது ஒன்றுதான்: இங்கே இறங்கலாம், அங்கே இறங்கக்கூடாது, ஏன் என்றால் இதனால் என்று வருகிறவருக்குச் சொல்லிவிடுகிறார்கள். சொல்லப்பட்ட மனிதர் பெரும்பாலும் ஒழுங்காக நடக்கிறார்.

எங்களுக்குக் கிழக்கே கடல் தாண்டினால் சுமாத்திரா. அதன் வடபகுதியில் தோபா ஏரி. ஏறத்தாழ 74,000 ஆண்டுகளுக்கு முன் நடந்த மாபெரும் வெடிப்பில் நிலம் அமிழ்ந்து உண்டான குழியில் அது நிற்கிறது, 100 கிலோமீற்றர் நீளத்துக்கு. அந்தத் தீவு எங்களுக்கு அந்நியமல்ல. அதன் மேற்குக் கரையில் பாருஸ் என்ற பழைய துறைமுகத்தருகே, தமிழ் வணிகர் கணத்தினர் 1088 இல் வெட்டிய தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. தோபா இன்று பெயர்பெற்ற விடுமுறை இடம். அங்கே 2018 ஜூன் 18 அன்று, கொள்ளக்கூடியதைவிடப் பல மடங்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போன படகு ஒன்று கவிழ்ந்தது. 160 பேருக்கு மேல் காணாமற்போனார்கள். படகு 450 மீற்றர் ஆழத்தில் கிடந்தது, மேலே கொண்டுவர முடியவில்லை. அந்த உயிர்களை எடுத்தது எரிமலையல்ல, அளவுக்கு மீறி ஏற்றிய படகு.

1986 ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். அந்த ஆண்டு ஆகஸ்ட் 21 இரவு, ஆபிரிக்காவில் கமரூன் நாட்டின் நியோஸ் ஏரி தன் அடியில் கரைத்து வைத்திருந்த கரியமிலவாயுவை ஒரே மூச்சில் வெளியே தள்ளியது. எரிமலைக் குழி ஏரி அது. வாயு பள்ளத்தாக்கில் இறங்கி, உறங்கிக்கொண்டிருந்த 1,700 பேருக்கு மேல் மூச்சை நிறுத்தியது. மாடுகள் ஆயிரக்கணக்கில் செத்தன. பிறகு அறிவியலாளர் ஏரிக்குள் நீண்ட குழாய் இறக்கி, வாயுவைச் சிறிது சிறிதாக வெளியே விட வழி செய்தார்கள். உலகம் முழுவதும் அந்த ஏரியின் பெயரைத் தெரிந்துகொண்டது. ஆனால் அதற்கு நான்கு மாதங்களுக்கு முன், ஏப்ரல் 20 ஞாயிறு அதிகாலை 3 மணியளவில், எரிமலையும் இல்லை, வாயுவும் இல்லை, எங்கள் கந்தளாய்க் குளம் உடைந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். 1,600 வீடுகளுக்கு மேல் அழிந்தன. ஏறத்தாழ 2,000 ஏக்கர் வயல் போயிற்று. எங்கள் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இந்தத் தேதி தெரியும்? குளக்கட்டில் நின்று படம் எடுக்கிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

நியோஸைப் படைத்தது நிலம். கந்தளாயைப் படைத்தது மனிதக் கை. இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வந்தேன். இந்த மாவட்டத்தில் நாங்கள் பார்த்து மகிழ்கிற பெரிய நன்னீர்ப் பரப்பு எல்லாமே, கந்தளாய், முதலிக்குளம், பெரியகுளம், அல்லை எல்லாமே, மண்ணைக் குவித்துக் கட்டி நீரை நிறுத்தி வைத்த இடங்கள். கட்டு நிற்கும்வரைதான் குளம்.

கந்தளாய்க் கட்டின் நீளம் ஏறத்தாழ 14,000 அடி, உயரம் 50 அடி. சூளவம்சம் ஏழாம் நூற்றாண்டு அரசன் இரண்டாம் அக்கபோதியின் பெயரைச் சொல்கிறது. எங்கள் மரபு குளக்கோட்டனைச் சொல்கிறது, கவிராசவரோதயனின் கோணேசர் கல்வெட்டு அந்த மரபைப் பாடி வைத்திருக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு திருத்தினான். இடையில் சோழர் காலத்தில் இங்கே இராசராசச் சதுர்வேதிமங்கலம் என்ற பிராமணக் குடியிருப்பு இருந்தது. அதன் சபையார் பெருங்குறிப் பெருமக்கள் என்று கல்வெட்டில் பேசுகிறார்கள். யார் முதலில் மண் சுமந்தார் என்ற சண்டையை நான் இங்கே எடுக்கப்போவதில்லை. ஒன்று மட்டும் உறுதி. ஒருவர் கட்டி முடித்து விட்டுப்போன குளமல்ல இது. உடைந்த போதெல்லாம் யாரோ திரும்பக் கட்டினார்கள். அந்தத் தொடர் பதின்மூன்று நூற்றாண்டுக்கு மேல் அறாமல் வந்திருக்கிறது, 1986க்குப் பிறகும் வந்தது.

கந்தளாய்க் குளத்துக்கு நீர் எங்கிருந்து வருகிறது? பேராறு வழியாக வருவது ஒரு பங்கு. மற்றது நெடுந்தூரம் நடந்து வருகிறது. அம்பன் கங்கையை எலஹெரவில் மறித்து, மின்னேரியாவுக்கும் கவுடுல்லவுக்கும் ஊட்டி, கடைசியில் கந்தளாய்க்கு வந்து சேரும் பழைய வாய்க்கால் வரிசை அது. 1976 இல் கண்டிக்கருகே பொல்கொல்லவில் மகாவலியைத் திருப்பியதிலிருந்து, மலைநாட்டில் பெய்யும் மழையும் அந்த வரிசையில் சேர்ந்துகொண்டது. அந்த வரிசையின் வால் நாங்கள். மேலே இருப்பவர்கள் எடுத்தது போக மிஞ்சுவதுதான் எங்களுக்கு. வந்த நீர் தம்பலகாமத்து வயல்களுக்குப் போகிறது. அங்குள்ள ஆதிகோணநாயகர் கோயிலில் படைக்கும் நெல்லும் அந்த நீரில் விளைந்ததுதான். இன்னொரு பங்கு சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. இந்த நகரத்தில் காலையில் குழாயைத் திறந்து முகம் கழுவினீர்களே, அது கந்தளாய்க் குளத்து நீர்.

ஆகவே கந்தளாய்க்கு விளையாடப் போகிறவர், ஒரு வீட்டின் அடுக்களைக்குள் விருந்தாளியாக நுழைகிறவர். அங்கே வாகனம் கழுவக்கூடாது, சாராயப் போத்தலை உடைக்கக்கூடாது, சோற்றுப் பொட்டலத்தைக் கட்டில் வீசக்கூடாது. இவை நல்லொழுக்கப் பாடத்தில் வரும் வரிகள்தான் என்று தட்டிக்கழிக்க வேண்டாம். அந்தத் தண்ணீர் திரும்பி வந்து நாங்கள் குடிக்கிற தண்ணீர்.

கட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மண்கட்டு பெரும்பாலும் ஒரே அடியில் சரிவதில்லை. எல்லா மண்கட்டிலும் சிறிது கசிவு இருக்கும். தெளிந்த நீராகக் கசிந்தால் கவலை குறைவு. கசிவு கலங்கி வந்தால், அது கட்டுக்குள் இருந்து மண்ணை இழுத்து வருகிறது என்று பொருள். உள்ளே வழி ஒன்று உண்டாகி, நாளுக்கு நாள் அகன்று, கடைசியில் மேற்பகுதி உட்கார்ந்துவிடும். கந்தளாய் உடைந்ததற்குச் சொல்லப்பட்ட காரணங்களில், கட்டின் மேல் ஓடிய பாரமான வாகனங்களும் ஒன்று. அதனால்தான் கேட்கிறேன்: பஸ்ஸையும் வானையும் குளக்கட்டில் ஏற்றாதீர்கள். கீழே நிறுத்திவிட்டு ஏறி நடவுங்கள். கட்டின் அலைகரைக் கற்களைப் பிடுங்கி அடுப்பு மூட்டாதீர்கள். அலை அறுக்காமல் மண்ணைக் காக்கத்தான் அந்தக் கல்லை அடுக்கியிருக்கிறார்கள். கட்டின் வெளிப்பக்கம் எங்காவது கலங்கல் நீர் ஊறுவதைக் கண்டால், நீங்கள் வந்தது பொழுதுபோக்குக்கென்றாலும், நீர்ப்பாசனத் திணைக்கள ஆட்களிடம் ஒரு சொல் சொல்லிவிட்டுப் போங்கள்.

எப்போது போவது நல்லது என்று கேட்பார்கள். எங்களுக்கு மழை ஒக்டோபர் முதல் ஜனவரி வரை. மாரி முடிந்து குளம் நிறைந்து நிற்கும் பெப்ரவரி, மார்ச்சில்தான் அதன் முழு அழகைக் காணலாம். பெரும்போக வயல் பொன்னிறம் கொள்ளும், நீர்க்காகங்களும் நாரைகளும் கூட்டமாக இறங்கும். வான் பாயும் நாளில் கூட்டம் கூடுவது எங்கள் ஊர் வழக்கம். அதைப் பார்ப்பதில் தவறில்லை, வான்கதவுக்குக் கீழே இறங்கி நின்று பார்க்காதவரை. கதவு மேலும் திறக்கப்படும்போது நீர் ஏறும் வேகம் கரையில் நிற்பவருக்குத் தெரியாது. சிறுபோகத்துக்குத் தண்ணீர் விடும்போது ஆபத்து, மதகான துருசின் அடியில். மேலே நீர் அசையாமல் கண்ணாடி போலக் கிடக்கும், அடியில் இழுவை இருக்கும். நன்றாக நீந்தத் தெரிந்த இளைஞரைக் குளங்கள் பறிப்பது இப்படித்தான்.

ஜூலைக்குப் பிறகு குளம் வற்றி உள்ளே ஒதுங்கும். வற்றிய இடத்தில் இளம்புல் முளைக்கும். அந்தப் புல்லுக்கு யானை வரும். மின்னேரியாவிலும் கவுடுல்லவிலும் யானைக் கூட்டம் பார்க்க உலகமே வருகிறது. கவுடுல்ல 2002 இல் தேசியப் பூங்காவானது, எங்கள் எல்லையோரம்தான். அங்கே ஜீப்பில் இருந்து பார்க்கிறார்கள். எங்கள் பக்கத்துக் குளங்களில் வேலியும் இல்லை, காவலரும் இல்லை. பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு குளத்தின் உட்புல்வெளியில் பிள்ளைகளோடு இருக்கக்கூடாது. யானைக்கு அது இரவுச் சாப்பாட்டு நேரம். முதலை இருக்கும் இடத்தை மீனவர் அறிவார்கள். இறங்கும் முன் அவர்களிடம் கேளுங்கள்.

அந்த மீனவர்களைப் பற்றியும் பேச வேண்டும். 1952 இல் திலாப்பியா மீன் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட பிறகுதான் குளத்து மீன்பிடி பெரிய தொழிலாயிற்று. விடியுமுன் தோணியில் போய் வலை எடுக்கிறார்கள். அவர்களுடைய வலைக்கு மேல் இயந்திரப் படகு ஓட்டி விளையாடினால் ஒரு குடும்பத்தின் ஒரு கிழமைச் சோறு போகும். படகுச் சவாரி நடத்தத்தான் வேண்டும் என்றால் அந்த மீனவர்களே நடத்தட்டும், வருமானமும் அவர்களுக்கே போகட்டும். ஆனால் உயிர்காப்பு அங்கி இல்லாமல் ஒரு பிள்ளையையும் ஏற்றக்கூடாது. கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியை நாங்கள் மறக்க முடியாது. 2021 நவம்பர் 23 காலை, பாலம் கட்டி முடியாத இடத்தில், மிதவைப் படகு கவிழ்ந்து பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் இறந்தார்கள். கிண்ணியா அழுதது, இந்த மாவட்டமே அழுதது. தோபா எங்கோ இருக்கிறது என்று சொல்ல எங்களுக்கு உரிமையில்லை.

ஆபத்தையே சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று நினைக்காதீர்கள். பெரியகுளத்துக்குப் போய் வாருங்கள். நகரிலிருந்து வடமேற்கே, காட்டோரம் அமைதியான குளம். பக்கத்தில் வெல்கம் விகாரையின் இடிபாடுகள். சோழர் காலத்தில் அதற்கு இராசராசப் பெரும்பள்ளி என்று பெயர். தமிழர் அந்தப் பௌத்தப் பள்ளிக்கு விளக்கெரிக்கப் பசுக்களைத் தானம் செய்ததைத் தமிழ்க் கல்வெட்டுகள் சொல்கின்றன. இந்தத் தீவில் மொழிக்கும் மதத்துக்கும் இடையே நாங்கள் இன்று போட்டிருக்கிற கோடுகள் எவ்வளவு புதியவை என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்ட அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. புத்தகத்தோடு போங்கள், சாப்பாட்டையும் கட்டிக்கொண்டு போங்கள், குளத்தங்கரை மர நிழலில் இருந்து வாசியுங்கள்.

தண்ணீர் இனங்களைச் சேர்த்தும் வைக்கும், பிரித்தும் வைக்கும். 2006 ஜூலையில் மாவிலாற்று மதகு மூடப்பட்டது, அங்கிருந்து மூண்ட சண்டை மூதூரையும் சம்பூரையும் வெறுமையாக்கியது. ஆனால் கந்தளாய் வாய்க்காலின் இரு கரையிலும் சிங்களவர், முஸ்லிம்கள், தமிழர் மூவரும் கமம் செய்கிறார்கள். போகத்துக்கு முன் நடக்கும் கூட்டத்தில், எந்தத் திகதியில் தண்ணீர் விடுவது, எத்தனை ஏக்கர் விதைப்பது என்று மூவரும் ஒன்றாக இருந்துதான் முடிவெடுக்கிறார்கள். சுற்றுலாவுக்குத் திட்டம் போடுகிறவர்கள் முதலில் போக வேண்டியது அந்தக் கூட்டத்துக்கு. கமக்காரரையும் மீனவரையும் கேளாமல் குளக்கரையில் விடுதி கட்டுவதை நான் எதிர்ப்பேன், எந்த இனத்தவர் கட்டினாலும்.

பிரதேச சபையிடமும் நீர்ப்பாசனத் திணைக்களத்திடமும் கேட்பது பெரிய செலவல்ல. ஒவ்வொரு பெரிய குளத்திலும் துருசிலிருந்து எட்ட, ஆழம் அளந்து, குளிக்க ஒரு துறையைக் குறித்துக் கொடுங்கள். இறங்கக்கூடாத இடத்தில் மூன்று மொழியிலும் பலகை வையுங்கள், காரணத்தையும் எழுதுங்கள். ஊர் இளைஞர் சிலருக்கு உயிர்காப்புப் பயிற்சி கொடுத்து, விடுமுறை நாட்களில் சம்பளத்தோடு நிறுத்துங்கள். கந்தளாயில் 1986 ஏப்ரல் 20 இல் என்ன நடந்தது என்பதைக் கட்டின் மேலேயே ஒரு கல்லில் வெட்டி வையுங்கள். ஆசிரியர்களே, அடுத்த தவணைச் சுற்றுலாவுக்குக் கடற்கரையை விட்டுவிட்டு ஒரு குளத்தைத் தெரிவுசெய்யுங்கள். போகும் முன் அந்தக் குளத்து மீனவர் ஒருவரையும் கமக்காரர் ஒருவரையும் வகுப்புக்கு அழைத்துப் பேசச் சொல்லுங்கள்.